அலமேலுவின் கையும் என் வாயும்

கம்பெனியில் இப்போது என் இடத்தில் சூப்பர்வைசராக இருக்கும் பெண் போன வாரம் போன் செய்தாள். "ருக்கு அக்கா, ஆண்டு மலர் போடறாங்க. இந்த வருஷம் தலைப்பு 'எல்லோருக்கும் இடம்'. மலையில இருந்து வந்து மொதல்ல சூப்பர்வைசர் ஆனது நீங்கதான். ஒரு பக்கம் எழுதிக் குடுங்கக்கா. நல்லதா எழுதுங்க" என்றாள். 'நல்லதா' என்பதை இரண்டு முறை சொன்னாள். என்னைப் பற்றி யாரோ எச்சரித்திருப்பார்கள் போலிருக்கிறது.

எழுதுகிறேன் தாயே என்று ஒப்புக்கொண்டேன். எழுதியும் விட்டேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, நல்லதாகவும் இல்லை. மலரில் போட முடிந்தால் போடட்டும். முடியாவிட்டால் கேன்டீனில் பஜ்ஜிக்கு எண்ணெய் ஒற்றிக்கொள்ளட்டும்.

நான் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் உள்ள சிறிய ஊர்க்காரி. கம்பெனி மலையடிவாரத்தில் வாணியம்பாடிப் பக்கம் இருக்கிறது, வெளிநாட்டுக்கு ஷூ தைக்கிற கம்பெனி. விடிவதற்குள் வேன் மேலே வந்து எங்களை அள்ளிக்கொண்டு இறங்கும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். இருபத்தெட்டு வருடம் அப்படிப் போய் வந்தேன். முதல் மூன்று வருடம் நூல் வெட்டினேன், பசை தடவினேன். பிறகு மிஷினில் உட்கார்ந்தேன், பிறகு ஒரு லைனுக்கே பொறுப்பானேன். கற்றுக்கொண்ட கதையெல்லாம் இவ்வளவுதான். அதைப் பெரிதாகச் சொல்கிறவர்கள் கற்றுக்கொண்டது குறைவு என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

முதல் நாள் பக்கத்து மிஷின்காரி, "உங்க ஊர்ல கரண்டு கீதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன், பாவம், ஏமாந்துபோனாள். கரடி பார்த்திருக்கிறாயா, தேன் கொண்டு வருவாயா, பலாப்பழம் எப்போது என்று கேட்காத ஆள் இல்லை. சூப்பர்வைசர் ஆன பிறகும் பலாப்பழத்தைக் கேட்டார்கள், மரியாதையோடு கேட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மாமியார் கொல்லையில் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்பார். தோல் கம்பெனிக்குப் போய் வந்தவள் குளிக்காமல் அடுப்படிக்கு வரக்கூடாதாம். கீழே மலைக்காரி, மேலே தோல்காரி. இரண்டு பக்கமும் என்னை ஒரு எட்டு தள்ளியே வைத்தார்கள்.

இனி 'எல்லோருக்கும் இடம்' பற்றிச் சொல்கிறேன். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பார்கள். ஆடிட் என்போம். அதற்கு முந்தின வாரம் முதலுதவிப் பெட்டியில் பஞ்சு முளைக்கும், கழிப்பறையில் சோப்பு முளைக்கும். ஒரு வருடம் சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் ஒன்று கட்டினார்கள். அது ஏறிப் போய் முடிகிற கதவு பூட்டியே இருக்கும், உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தார்கள். ஆடிட் அன்று இடம் மாற்றுவார்கள். பேக்கிங்கில் இருந்த போலியோ கால் ஆளைக் கட்டிங் மேஜைக்குக் கொண்டுவருவார்கள். பர்தா போட்ட பெண்கள் இரண்டு பேர், மலைக்காரிகள் மூன்று பேர், எல்லோரும் முன்வரிசைக்கு வரவேண்டும். கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்போம். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் அவரவர் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவோம்.

பயிற்சியும் நடத்தினார்கள். சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்து எங்களை வட்டமாக நிற்க வைத்து, நூல் உருண்டையை ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் கைக்குத் தூக்கிப் போடச் சொன்னார். நாமெல்லாம் ஒரே வலையாம். கைதட்டி, போட்டோ எடுத்து, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த நூலைச் சிக்கெடுத்து உருட்டி வைத்தது நானும் அலமேலுவும்தான். அலமேலு சிரித்துக்கொண்டே கையால் ஏதோ சொன்னாள். தமிழில் போட்டால், 'இதுக்கு இன்னா பேரு, வேலையா வெளையாட்டா?' என்று வரும்.

அலமேலுவைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர், அப்போது முப்பது வயதைத் தொட்டவள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் இத்தனை பேர் வேலையில் இருக்க வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்டபோது அவளை எடுத்தார்கள். எடுத்து, நூல் வெட்டும் மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள். வேனில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் சைகை அவளுக்குத் தெரியாது, அவளும் அவள் ஊரும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்டதுதான் அவள் பாஷை. மலை இறங்கி ஏறும் நேரத்தில் அதை நான் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு அடையாளம் வைத்திருந்தாள். தாடியை நீவினால் ஊசி ரூம் ஜபார் பாய். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் மேனேஜர். மோவாயில் விரலை வைத்தால் நான், எனக்கு அங்கே மரு இருக்கிறது.

மேனேஜர் பெயர் தாமோதரன். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. நாம் பேச ஆரம்பித்ததும் கண்ணாடியைக் கழற்றி, மெல்லிய லைனிங் தோல் துண்டால் துடைக்கத் தொடங்குவார். துடைத்துக்கொண்டே "அப்புறம்?" என்பார். நாம் சொல்லி முடித்தாலும் "அப்புறம்?" சொல்ல ஒன்றும் இல்லாமல் நாமே ஏதாவது ஒரு தப்பை ஒப்புக்கொள்ளும்வரை துடைப்பார். ஆட்களை மிஷின் நம்பரால் கூப்பிடுவார். "ஏழு ஏன் இன்னிக்கு மெதுவா போவுது?" என்பார். ஏழில் உட்கார்ந்திருப்பவளுக்கு வீட்டில் சாவு என்றாலும் அவருக்கு ஏழுதான் மெதுவாகப் போகிறது. அலமேலுவுக்கு நம்பரும் இல்லை. அவளை 'அது' என்பார்.

ஒரு மாதம் அம்மை கண்டு ஆறு பேர் வரவில்லை. தையலுக்கு ஆள் போதவில்லை. அலமேலு ஊரில் ரவிக்கை தைக்கிறவள் என்பது எனக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் எட்டாம் நம்பர் மிஷினில் உட்கார வைத்தேன். இடது கையை மிஷின் உடம்பின் மேல் ஒரு நொடி வைத்துப் பார்த்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு தையலை அந்த லைன் அதுவரை பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு ஊசி ஒடிகிற சத்தம் கேட்டால்தான் தெரியும். அவளுக்கு ஊசி வளையும்போதே கையில் தெரிந்துவிடும், நிறுத்தி, கழற்றி, முழு ஊசியாகவே கொண்டுபோய் மாற்றிக்கொள்வாள். அம்மை இறங்கி எல்லோரும் திரும்பி வந்த பிறகும் அவளை நான் எழுப்பவில்லை. தாமோதரன் சாரும் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஊசி ஒடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வேதம் மாதிரி. மிஷினை நிறுத்து. எழுந்திருக்காதே, கையைத் தூக்கு. சூப்பர்வைசர் காந்தத்தோடு வருவாள். கிடைத்த துண்டுகளை வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, பக்கத்தில் புது ஊசியை வைத்து நீளம் சரியா என்று பார்ப்பாள். ஒரு கடுகு அளவு குறைந்தாலும் கையில் இருக்கும் ஷூத் தோல், இரண்டு பக்கத்துக் கூடையில் இருப்பவை எல்லாம் சிவப்புத் தட்டுக்குப் போய்விடும். தரையைக் காந்தத்தால் பெருக்க வேண்டும். பிறகு துண்டுகளை எடுத்துக்கொண்டு ஊசி ரூமுக்குப் போக வேண்டும். ஜபார் பாய் அதை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, மிஷின் நம்பர், நேரம், பெயர் எழுதி, கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் புது ஊசி தருவார். "முனை எங்கம்மா? முனை இல்லாம என்கிட்ட வராதே. எந்த ஊர்ப் புள்ள கால்ல ஏறும்னு யாருக்குத் தெரியும்?" என்று தினமும் சொல்வார். அந்தக் கம்பெனியில் ஷூ போடப்போகிற பிள்ளையை நினைத்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் ஆகும். எண்ணிக்கை குறையும். அதனால் சூப்பர்வைசர்கள் நாங்கள் ஒரு திருட்டு வேலை வைத்திருந்தோம். வாணியம்பாடி கடைத்தெருவில் ஊசி வாங்கி, அடையாள அட்டை உறைக்குள் போட்டோவுக்குப் பின்னால் நாலைந்து சொருகி வைத்துக்கொள்வோம். லைனில் ஊசி ஒடிந்தால் துண்டுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு நம்முடையதை மாட்டிவிடுவது. ஊசி ரூமில் தருகிற ஸ்டோர் ஊசிக்கு மஞ்சள் பூச்சு இருக்கும், கடை ஊசி வெள்ளை. அசையும் மிஷினில் யாருக்கு நிறம் தெரியப்போகிறது?

அந்த நாள் ஒரு பெரிய ஆர்டரின் கடைசி நாள். காலையிலேயே ஏழாம் நம்பரில் ஊசி ஒடிந்தது. என் ஊசியை மாட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதுவும் ஒடிந்தது. ஒடிந்தது திருட்டு ஊசி, அதை எடுத்துக்கொண்டு ஜபார் பாயிடம் போக முடியாது. குனிந்து பொறுக்கினேன், இரண்டு துண்டு கிடைத்தது. போதும் என்று இன்னொன்றை மாட்டினேன். அப்போது எட்டாம் நம்பரிலிருந்து அலமேலு என் தோளைத் தட்டினாள். இரண்டு விரலை நீட்டி, மூன்றாவதைக் காட்டி, இல்லை என்று கையை விரித்தாள். கட்டைவிரல் நகத்தில் முனை அளவைக் காட்டினாள். முனை கிடைக்கவில்லை என்கிறாள். எனக்கும் தெரியும் கிடைக்கவில்லை என்று. ஈ ஓட்டுவதுபோல் கையை வீசி, உன் வேலையைப் பார் என்றேன்.

இரண்டாம் நாள், ஷூக்களைப் பெட்டியில் போடும் முன் ஊசி கண்டுபிடிக்கும் மிஷின் அலறியது. குதிகால் லைனிங்குக்குள் முனை கிடைத்தது. எந்தக் காலிலும் ஏறவில்லை, அந்த மட்டும் என் குலதெய்வம் காப்பாற்றியது. ஆனால் அலறினால் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறிக்கை போக வேண்டும், காரணம் யார் என்று எழுத வேண்டும். லைனிங் தைத்தது ஏழும் எட்டும். ஏழில் இருந்தவள் பத்து வருட அனுபவக்காரி, அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் தானாகச் சொல்லவில்லை. எட்டில் இருந்தவள் அலமேலு.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. தாமோதரன் சார், எச்.ஆர். மேடம், அலமேலு, நான். என்னைக் கூப்பிட்டது சூப்பர்வைசர் என்பதற்காக இல்லை. "அது கை பாஷை ஒனக்குத்தான தெரியும், நீயே கேட்டுச் சொல்லு" என்றார் மேனேஜர். கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எச்.ஆர். மேடத்தின் சுவரில் 'ஒவ்வொரு குரலும் முக்கியம்' என்று போஸ்டர் ஒட்டியிருந்தது. அவளிடம் 'தண்ணீர் வேணுமா' என்று கேட்கக்கூட அங்கே வேறு ஆள் கிடையாது.

மேனேஜர் ரிஜிஸ்டரைத் திருப்பினார். "மூணு மாசமா மிஷின்ல உக்காருது. ஒடைஞ்ச ஊசின்னு இதுல அது பேரே இல்ல. எல்லாருக்கும் ஒடையுது, அதுக்கு மட்டும் ஒடையலயா? ஒடைஞ்சது தெரியலன்னுதான அர்த்தம்? சத்தம் கேக்காதே" என்றார். மேடம் தலையாட்டினார். ஒரு தப்பும் செய்யாதவள் என்பதே அவள் செய்த தப்புக்கு அத்தாட்சி ஆகிவிட்டது. இரண்டு பேரும் பட்டம் படித்தவர்கள்.

நான் அலமேலுவிடம் கேட்டேன், ஊசி முனை எப்படி வந்தது என்று. அவள் தயங்கவே இல்லை. எழுந்து நின்று சொன்னாள். ஏழாம் நம்பர் நாற்காலி இருக்கும் திசையைக் காட்டினாள். ஊசி ஒடிந்ததைக் காட்டினாள். மோவாயில் விரலை வைத்தாள். பிறகு எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்பதுபோல் நேராக என்னையே காட்டினாள். கழுத்து அட்டையிலிருந்து ஊசியை உருவுவது, மாட்டுவது, குனிந்து தேடுவது, இரண்டு துண்டு, முனை இல்லை, அவள் என் தோளைத் தட்டியது, நான் கையை வீசியது. ஒன்று விடாமல், வரிசை மாறாமல் சொன்னாள். ஆள்காட்டி விரல் நீட்டுவதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா? அந்த அறையில் கண் உள்ள யாரும் அதைப் புரிந்துகொண்டிருக்கலாம். இரண்டு பேரும் அவள் கையைப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சொல்லுது அது?" என்றார்.

"தெரியாம நடந்து போச்சுங்களாம் சார். மன்னிச்சுக்கச் சொல்லுது."

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். "அப்புறம்? உன்னையே கைகாட்டுச்சே?"

"நான் சொல்லிக் குடுத்தும் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுதுங்க சார்."

எவ்வளவு சுலபமாக வந்தது! எனக்கு மகள் கல்யாணம் அடுத்த மாதம், வேலை போனால் என்ன ஆவது என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பிற்பாடு தேடிப் பிடித்தவை. அந்த நொடியில் எதையும் யோசிக்கவில்லை. பயந்தேன், பொய் சொன்னேன், அவ்வளவுதான். அலமேலு மேனேஜர் முகத்தையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் ஒரு ஆளின் முகம் எப்படி மாற வேண்டுமோ அப்படி அது மாறவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மேடம் ஒரு தாளை நீட்டினார். ஊசி உடைந்ததை அறியாமல் தைத்துவிட்டேன், இனி இயந்திர வேலை கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்தது. அலமேலுவுக்குத் தன் பெயர் எழுத வரும், படிக்க வராது. என்ன இது என்று கையை அசைத்தாள். சும்மா, எல்லோரும் போடுவது என்று காட்டினேன். முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் எட்டாம் நம்பரில் வேறு ஆள். அவளை முக்காலிக்கே அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் வேனில் அவள் என் முன்னால் வந்து நின்று, நீ என்ன சொன்னாய் என்று கேட்டாள். மோவாய், வாய், மேனேஜர், என்ன? மறுபடியும் அதையே கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காது கேட்காதவளிடம் பேச்சை முடிக்க அது போதும். அந்த மாதக் கடைசியில் அவள் வேனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ஜபார் பாயை ஏமாற்ற முடியவில்லை. அந்த முனையை ரிஜிஸ்டரில் ஒட்டக் கொடுத்தபோது வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாராம். என்னைக் கூப்பிட்டு, "இது என் ஸ்டோர் ஊசி இல்லம்மா. வெள்ளை ஊசி. அந்தப் பொண்ணு எங்க போய் வாங்கும்?" என்றார். என் கழுத்து அட்டையை ஒரு பார்வை பார்த்தார். "மேனேஜர்கிட்ட சொன்னேன். பரவால்ல பாய், ஒட்டிடுங்கன்னாரு. நீ சொன்னா கேப்பாரு." திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பாய் பேசி மூன்று நாள் கழித்து மேனேஜரிடம் போனேன். ஊசி என்னுடையது சார் என்றேன். கண்ணாடியைத் துடைக்கவில்லை, அதுதான் முதல் தடவை. நேராகப் பார்த்தார். "ருக்கு, ரிப்போர்ட் போயிடுச்சு. சூப்பர்வைசரே திருட்டு ஊசி வச்சிருந்தான்னு எழுதினா வெளிநாட்டுக்காரன் லைன் லைனா அட்டையக் கழட்டிப் பாப்பான். ஆர்டரே போயிடும். காது கேக்காததுன்னு எழுதினா யாரும் மேல கேக்க மாட்டான், அய்யோ பாவம்னுவான். புரியுதா? போய் வேலையப் பாரு." எனக்குப் புரிந்தது. புரிந்தது என்ன, நிம்மதியாகவே இருந்தது. சொல்லிப் பார்த்துவிட்டேன், அவர்தான் கேட்கவில்லை என்று மனசுக்குள் ஒரு ரசீது போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு விதி ஏறியது. செவித்திறன் குறைந்தோரைத் தையல் இயந்திரத்தில் அமர்த்தக் கூடாது, அவர்களின் பாதுகாப்பை முன்னிட்டு. அவர்களின் பாதுகாப்பாம்! அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அங்கே வேலை செய்தேன். காது கேட்காத பெண்கள் வேலை கேட்டு வருவார்கள், கை பாஷை தெரியும் என்று என்னையே அனுப்புவார்கள். செங்கத்திலிருந்து ஒருத்தி தையல் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். சந்தவாசலிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் வந்தார்கள். எல்லோரிடமும் மிஷின் வேலை கிடையாது, விதி இருக்கிறது என்று நானே கையால் சொல்லி அனுப்பினேன். ஆடிட்டர்கள் அந்த விதியைப் படித்துவிட்டு நல்ல ஏற்பாடு என்று எழுதிவிட்டுப் போனார்கள். இந்த வருடம்தான் அதை எடுத்திருக்கிறார்களாம், அதற்காகத்தான் ஆண்டு மலர்.

நான் ஓய்வு பெற்று மலைக்கே வந்துவிட்டேன். எங்கள் பக்கத்து மகளிர் குழுவுக்குத் தையல் மிஷின்கள் வந்திருந்தன. சமுதாயக் கூடத்தில் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறார்கள். தையலைச் சரிபார்த்துத் தர முடியுமா என்று குழுத் தலைவி கோவிந்தம்மா கேட்டாள். முதல் நாள் போனபோது ஐந்து மிஷின் இருந்தது, நாலில்தான் ஆள் இருந்தார்கள். ஐந்தாவது உறை போட்டபடி சும்மா இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அலமேலு கேட்டுச்சுக்கா. நாலு வாட்டி வந்து நின்னுச்சு. எப்பிடிக் குடுக்கறது? கம்பெனியில ஊசிய ஒடைச்சு உள்ள வச்சுத் தெச்சிட்டு வாயத் தொறக்காம இருந்துச்சாமே. நம்மது புள்ளைங்க போடுற துணி. நீங்கதான் அப்ப கூட இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

மேனேஜர் கீழே ஒரு தாளோடு முடித்துவிட்டார். அந்தப் பொய் வேன் ஏறி, வளைவு வளைவாக மலை ஏறி, அவள் வாசல்வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு டிக்கெட் எடுத்தவள் நான். அவளைப் பத்து வருடமாக மிஷின் பக்கம் விடாதவர்கள் வெளிநாட்டுக்காரர்களும் இல்லை, சென்னைக்காரர்களும் இல்லை, எங்கள் சனங்கள்தான்.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். தலைமுடி நரைக்க ஆரம்பித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து, கை மறந்துபோயிருந்தாலும் திக்கித் திணறிச் சொன்னேன். ஊசி என்னுடையது. அந்த அறையில் நீ சொன்னதை நான் சொல்லவில்லை. நீ மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் பாதியிலேயே கையைத் தூக்கி நிறுத்தினாள். இதெல்லாம் தனக்குத் தெரியும் என்றாள். தன் கண்ணையும் பிறகு என் வாயையும் காட்டினாள். அன்றைக்கே தெரியும். தன்னிடம் சொல்லி என்ன பிரயோசனம்? சமுதாயக் கூடம் இருக்கும் திசையைக் காட்டி, அங்கே சொல் என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து எனக்கு முன்னால் நடந்தாள்.

கூடத்தில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தச் சொன்னேன். கோவிந்தம்மா, "இன்னாக்கா, அதையும் இட்டுக்கினு வந்துட்டீங்க?" என்றாள். அலமேலு என் எதிரில், கோவிந்தம்மாவின் முகமும் என் கையும் ஒன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். அவள் எதற்கு அங்கே நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வாயால் பேசும்போதே கையாலும் சொன்னேன். நான் சூப்பர்வைசர், கடையில் வாங்கிய ஊசியை ஒளித்து வைத்திருந்தேன். ஒடிந்தது அந்த ஊசி, ஒடிந்தது வேறு மிஷினில். விசாரணையில் இவள் உண்மையைச் சொன்னாள், நான் மாற்றிச் சொன்னேன். ஊசி விஷயத்தில் அந்தக் கம்பெனியில் இவளைப் போல் கைச்சுத்தம் உள்ளவள் கிடையாது.

நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை. கோவிந்தம்மா எழுந்து போய் ஐந்தாவது மிஷினின் உறையை எடுத்து மடித்து வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரு என்று அலமேலுவுக்குக் கை காட்டினாள்.

அலமேலு உட்காரவில்லை. என்னிடம் வந்து தோளைத் தட்டினாள். கட்டைவிரல் நகத்தில் முனை அளவைக் காட்டினாள். பிறகு ஈ ஓட்டுவதுபோல் கையை ஒருமுறை வீசிவிட்டு, கோவிந்தம்மாவைக் காட்டிக் காத்துக்கொண்டு நின்றாள்.

அதையும் சொன்னேன்.